கரிக்குழாயில் ஓர் ஒளிச்சோடி

கரி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன அடுப்படியும், விளக்குச் சிமினியிற் படியும் புகைக்கரியும், பென்சிலின் கூருமே. தன்மீது விழும் ஒளியை உண்டு கருமையாய்க் கிடப்பதே கரியின் இயல்பென்று நாம் எண்ணியிருக்கின்றோம். அந்தக் கரியே தக்க உருவில் அமையுமாயின், தான் உண்ட ஒளியின் ஒரு பகுதியை வேறொரு நிறத்தில் உமிழவும் வல்லது என்னும் செய்தி 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆயின், அவ்வாறு உமிழப்பட்ட ஒளி மிக மங்கலானது. ஆயிரம் ஒளித்துகள்களை உண்டால் ஏறத்தாழ ஒன்றையே அது திருப்பித் தந்தது. எஞ்சிய 999இற்கும் என்ன நேர்ந்தது? இந்தக் கணக்கைத் தேடிப் புறப்பட்ட பௌதிக அறிஞரும் இரசாயன அறிஞரும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு குழாயில் நிகழும் விந்தையானதொரு வாழ்க்கையைக் கண்டனர். அவ்வாழ்க்கையைப் பற்றியே இங்கு வாசகர்களுக்குக் கூற விழைகின்றேன்.

பாய் சுருட்டும் விதம்

பென்சிலில் உள்ள காரீயத்தை யாவரும் அறிவர். நம் நாட்டுப் போகலச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் காரீயம் தன் தூய்மையால் உலகெங்கும் பெயர்பெற்றது. காரீயம் என்பது காபன் அணுக்களாலான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பொருளாகும். ஒவ்வொரு தாளும் ஓரணுத் தடிப்பினது. தேன்வதையின் அறைகளைப் போல அறுகோணம் அறுகோணமாக அதன் அணுக்கள் பிணைந்துள்ளன. அத்தகைய தாளொன்றைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, ஓரங்களைத் தையல் தெரியாது இணைத்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்க. அதுவே காபன் நனோக்குழாய். உண்மையில் எவரும் தாளைச் சுருட்டி இதனைச் செய்வதில்லை. மிகுந்த வெப்பத்தில் காபன் ஆவியிலிருந்து அது தானாகவே வளர்கின்றது. அதன் விட்டம் ஏறக்குறைய ஒரு நனோமீற்றர், அதாவது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் குறுக்கே இத்தகைய குழாய்கள் பல்லாயிரத்தை அருகருகே அடுக்கலாம்.

சோவியத் அறிஞர் இருவர் 1952ஆம் ஆண்டிலேயே இத்தகைய காபன் நூல்களின் படங்களை வெளியிட்டிருந்தனராயினும் உலகம் அதனைக் கவனிக்கவில்லை. யப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா 1991இல் பல சுவர்களுடைய குழாய்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டு வெளியிட்ட பின்னரே ஆராய்ச்சியாளர் விழித்துக்கொண்டனர். ஒற்றைச் சுவருடைய குழாய் 1993இல் யப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. கீழடியில் அகழ்ந்தெடுத்த பழைய மட்பாண்டங்களின் கருநிறப் பூச்சில் காபன் நனோக்குழாய்கள் உள்ளனவென்று 2020இல் தமிழ்நாட்டு ஆய்வாளர் அறிவித்ததை வாசகர் சிலர் படித்திருக்கலாம். அக்குயவர் அறிந்து செய்ததன்று அது; சூளையின் வெப்பம் செய்தது. அதனைக் கொண்டு முன்னோர் நனோ விஞ்ஞானம் அறிந்திருந்தனர் என்று மேடையிற் பேசுவோரை நான் நம்புவதில்லை.

கோடிட்ட பாய் ஒன்றை நேராகச் சுருட்டினால் கோடுகள் வளையங்களாகப் பொருந்தும். சற்றே சாய்த்துச் சுருட்டினால் அவை திருகிச் செல்லும். நனோக்குழாயின் குணமும் இவ்வாறே சுருட்டிய சாய்விலும் சுற்றளவிலும் தங்கியுள்ளது. ஒருவகைச் சாய்வில் அமைந்தது உலோகம் போல மின்னைக் கடத்தும். வேறொரு சாய்வில் அமைந்தது சிலிக்கனைப் போலக் குறைகடத்தியாகும். கணக்கின்படி எல்லா விதமான குழாய்களுள்ளும் மூன்றில் ஒரு பங்கு உலோகத் தன்மையன, எஞ்சியவை குறைகடத்திகள். பொருளும் ஒன்று, தாளும் ஒன்று, சாய்வு மாத்திரம் வேறு. இனி நாம் பேசப்போவது குறைகடத்திக் குழாய்களைப் பற்றியே.

1991இலேயே குழாய் தெரிந்திருந்தும் அதன் ஒளி தெரிவதற்குப் பதினொரு ஆண்டுகள் சென்றன. காரணம் எளியது. இக்குழாய்கள் விறகுக் கட்டுப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வன. ஒளியுண்ட குழாயின் சக்தி அக்கட்டிலுள்ள உலோகக் குழாய்க்குப் பாய்ந்து வெப்பமாய் அழிந்துவிடும். அமெரிக்காவின் தெக்சாஸ் மாநிலத்திலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சட் ஸ்மோலி, புரூஸ் வைஸ்மன் ஆகியோரின் குழுவினர் குழாய்களைச் சவர்க்காரத்தை ஒத்த ஒரு பொருள் கரைந்த நீரிலிட்டு, காதுக்குக் கேளாத உயர் மீடிறன் ஒலியலைகளால் உலுக்கிப் பிரித்தனர். பின்னர் மிக வேகமாகச் சுழலும் மையநீக்கப் பொறியிலிட்டு, பிரியாத கட்டுகளை அடியிற் படியச் செய்தனர். மேலே மிதந்தவை சவர்க்காரப் போர்வை போர்த்த தனிக் குழாய்கள். அவற்றின்மீது ஒளியைப் பாய்ச்சியபோது, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிராக அவை ஒளிர்ந்தன. ஒவ்வொரு சாய்வுக்கும் ஒவ்வொரு நிறம் உண்டென்பதும், அந்நிறத்தைக் கொண்டே குழாயின் சாய்வையும் விட்டத்தையும் சொல்லிவிடலாம் என்பதும் அவ்வாண்டிலேயே தெளிவாயின. முப்பதுக்கும் மேற்பட்ட குழாய் வகைகள் இவ்வாறு பெயரிட்டு இனங்காணப்பட்டன.

ஏறிய இலத்திரனும் எஞ்சிய இடமும்

ஒளி விழும்போது குழாயில் நிகழ்வது யாது? மண்டபமொன்றில் வரிசை முழுவதும் மாணவர் நிறைந்து அமர்ந்திருக்கின்றனர், அசைய இடமில்லை. அவர்களுள் ஒருவனை அழைத்து மேல்மாடிக்கு அனுப்பிவிடுகின்றோம். அவன் மேலே தாராளமாக உலாவலாம். கீழே அவன் விட்ட வெற்றிடத்திற்குப் பக்கத்து மாணவன் நகர்வான். அவனிடத்திற்கு அடுத்தவன் நகர்வான். நகர்பவர் மாணவரேயாயினும், தூரத்திலிருந்து நோக்குபவனுக்கு வெற்றிடமே நகர்வதாகத் தோன்றும். ஒளித்துகள் ஓர் இலத்திரனை மேல்மட்டத்திற்கு ஏற்றுவதும் இத்தகையதே. கீழே எஞ்சும் வெற்றிடத்தைத் துளை என்பர். இலத்திரன் மறையேற்றம் உடையது. அஃது இல்லாத இடம் நேரேற்றம் உடையதுபோல நடந்துகொள்ளும். எனவே ஏறிய இலத்திரனும் எஞ்சிய துளையும் ஒன்றையொன்று ஈர்த்து, ஐதரசன் அணுவில் இலத்திரனும் புரோத்தனும் பிணைந்திருப்பதுபோலப் பிணைந்து ஒரு சோடியாகும். இச்சோடியை எக்சித்தன் என்பர். 1931இல் சோவியத் அறிஞர் யாக்கோவ் பிரெங்கெல் இக்கருத்தை முதலிற் கூறினார். சோடியின் இரு பாதிகளும் மீண்டும் ஒன்றுசேரும்போது ஒளித்துகளொன்று வெளிப்படலாம். வெளிப்படாமலும் போகலாம், அங்கேதான் நமது கதை இருக்கின்றது.

சாதாரண திண்பொருள்களில் இப்பிணைப்பு மிக மெலியது. சிலிக்கனில் அது ஏறத்தாழ 0.015 இலத்திரன்வோற்று. நாம் வாழும் அறையின் வெப்பமோ ஏறத்தாழ 0.025 இலத்திரன்வோற்று அளவுக்கு எல்லாவற்றையும் ஓயாது உலுக்கிக்கொண்டிருக்கின்றது. ஆதலால் அறைவெப்பநிலையிற் சிலிக்கனில் சோடிகள் பிரிந்து, இலத்திரன் ஒரு வழியும் துளை ஒரு வழியுமாகச் சென்றுவிடும். சூரிய மின்கலம் இயங்குவதற்கு இதுவும் ஒரு வசதி. குழாயிலும் அவ்வாறே நிகழும் என்று பலர் எண்ணியிருந்தனர். யப்பானிய அறிஞர் சுனேயா அண்டோ மாத்திரம் 1997இலேயே கணக்கிட்டு, குழாயில் இப்பிணைப்பு வலிமையாக இருத்தல் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

குழாயில் மாத்திரம் பிணைப்பு வலிமை பெறுவதேன்? திண்பொருளில் இலத்திரனுக்கும் துளைக்கும் இடையே வேறு எண்ணற்ற இலத்திரன்கள் நிறைந்து, அவ்விரண்டின் ஈர்ப்பைத் திரையிட்டு மறைக்கின்றன. சனநெரிசலில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேளாதது போல என்று கொள்ளலாம். குழாயோ நூலிலும் மெலியது. ஈர்ப்பின் விசைக்கோடுகளிற் பெரும்பகுதி குழாய்க்கு வெளியேயுள்ள வெற்றுவெளியூடாகச் செல்கின்றது. அங்கே திரையிட யாருமில்லர். அன்றியும், இரண்டும் விலகிப் போக விரும்பினாலும் போகக்கூடிய திசை ஒன்றே.

2002ஆம் ஆண்டு அளவீடுகளிலேயே இதற்கு ஒரு குறிப்பு மறைந்திருந்தது. இலத்திரனும் துளையும் தனித்தனியே திரிவனவென்று வைத்துக் கணக்கிட்டால், குழாய் உண்ணும் ஒளியின் சக்தி, அது உமிழும் ஒளியின் சக்தியைப் போல ஏறக்குறைய இரு மடங்காதல் வேண்டும். அளந்தபோது கிடைத்த விகிதம் இரண்டிலும் குறைவாகவே நின்றது. சிறிய வேறுபாடுதானே என்று தள்ளிவிடாது அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்களை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

வழக்கு 2005இல் தீர்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெங் வாங், ரொனி ஹைன்ஸ், லூயி புரூஸ் ஆகியோரின் குழு குழாயின்மீது ஒரு துகளுக்குப் பதிலாக இரண்டு ஒளித்துகள்களை ஒருங்கே உண்ணச் செய்தது. ஒரு துகளால் ஏற்றத்தக்க படிக்கு இரு துகள்கள் கூடி ஏற்ற இயலாது. சமச்சீர் விதி அதனைத் தடுக்கும். இரு துகள்கள் கூடினால் சோடியின் அடுத்த மேற்படிக்கே ஏற்ற முடியும். சோடி பிணையாது திரிவதாயின் படிகளே இரா. எத்தனை துகள்களால் ஏற்றினும் ஒரே சக்தியில் உண்ணல் தொடங்கும். சோதனையிலோ இரு துகள் உண்ணல் தெளிவாக மேலே தொடங்கியது. எனவே படிகள் உள்ளன, சோடியும் உண்டு. 0.8 நனோமீற்றர் விட்டமுள்ள குழாயில் பிணைப்பின் அளவு ஏறத்தாழ 0.4 இலத்திரன்வோற்று எனக் கணிக்கப்பட்டது. அறைவெப்பத்தின் உலுக்கலைப் போல அது பதினாறு மடங்கு. ஜேர்மனியில் மற்றொரு குழுவும் அதே ஆண்டில் இதே முடிவிற்கு வந்தது.

இழப்பின் கணக்கு

சோடி வலிமையானதென்றால் ஒளியும் வலிமையாக இருக்கவேண்டுமன்றோ? மாணவர் இக்கேள்வியைக் கட்டாயம் கேட்பர். இங்கே மூன்று இடையூறுகள் உள்ளன.

முதலாவது, சோடி சேரும் முறை. குழாயின் அமைப்பாலும் இலத்திரனின் தற்சுழற்சியாலும் மிகத் தாழ்ந்த மட்டத்தில் இலத்திரனும் துளையும் பதினாறு விதமாகச் சேரலாம். அப்பதினாறனுள் ஒளிதரும் உரிமை ஒன்றுக்கே உண்டு. ஏனைய பதினைந்தும் இருண்ட சோடிகள். அவற்றுட் சில ஒளிச்சோடிக்குச் சற்றுத் தாழ்ந்த படியில் இருப்பதால் நீர் பள்ளத்தை நாடுவதுபோலச் சக்தி அங்கே சென்று தேங்குகின்றது. குழாயின் நீளவாக்கில் வலிய காந்தப்புலத்தைச் செலுத்தினால் இருண்ட சோடியும் சிறிது ஒளிரத் தொடங்கும் என்பது மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் செய்யப்பட்ட சோதனைகளில் 2007, 2008ஆம் ஆண்டுகளிற் காட்டப்பட்டது.

இரண்டாவது, அலைச்சல். எக்சித்தன் பிறந்த இடத்தில் நிற்பதில்லை. அதன் ஆயுள் பெரும்பாலும் சில பத்து முதற் சில நூறு பிக்கோசெக்கன். ஒரு பிக்கோசெக்கன் என்பது ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய ஆயுளிலும் அது முன்னும் பின்னுமாகத் தடுமாறி நடந்து ஏறத்தாழ 90 நனோமீற்றர் தூரத்தைத் தடவிவிடுகின்றது. இதனை அளந்த முறை அழகானது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2007இல் ஒரு குழாயை மாத்திரம் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அதனைத் தாக்கவல்ல இரசாயனப் பொருளைச் சிறிதளவு சேர்த்தனர். குழாயின் ஒளி மெல்ல மெல்ல மங்கவில்லை. படிப்படியாக, ஒவ்வொரு படியாகக் கீழிறங்கியது. ஒரு மூலக்கூறு ஓரிடத்தில் ஒட்டியவுடன் அதற்கு அருகே அலைந்த சோடிகள் அனைத்தும் அணைந்தன. ஒரு படியின் உயரத்திலிருந்து, ஒரு சோடி தன் வாழ்நாளில் ஏறக்குறைய பத்தாயிரம் காபன் அணுக்களைப் பார்த்துவிடுகின்றது என்று கணக்கிட்டனர். பத்தாயிரத்தில் ஓரணு பழுதுபட்டிருந்தாலும் சோடி அதனைச் சந்தித்தே தீரும். குழாயின் முனைகளும் அத்தகைய பழுதுகளே.

மூன்றாவதே எனக்கு மிகச் சுவையானதாகத் தோன்றுவது. குழாயில் ஒரு சோடிக்குப் பதில் இரண்டு சோடிகள் பிறந்துவிட்டால் யாது நிகழும்? வயல் வரம்பொன்றில் எதிரெதிரே இருவர் வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பெருந்தெருவாயின் இருவரும் தத்தம் வழியே ஒதுங்கிச் செல்வர். வரம்பில் ஒதுங்க இடமேது? ஒருவர் சேற்றில் இறங்கவே வேண்டும். எக்சித்தன்களும் அவ்வாறே. இரண்டு சந்தித்தால் ஒன்று தன் சக்தி முழுவதையும் மற்றதற்குக் கொடுத்துவிட்டு அழிகின்றது. பெற்றுக்கொண்டதோ மிக உயர்ந்த படிக்கு எறியப்பட்டு, அந்த மேலதிக சக்தியை வெப்பமாக உதறிவிட்டுப் பழைய படிக்கே திரும்புகின்றது. இரண்டு ஒளித்துகள்களை உண்ட குழாயில் எஞ்சியது ஒரு சோடியே. இதனால், விழும் ஒளியை இரு மடங்காக்கினும் உமிழும் ஒளி இரு மடங்காவதில்லை. ஓர் எல்லைக்கு மேல் ஏறவே மறுக்கின்றது. 2004, 2005ஆம் ஆண்டுகளிற் கொலம்பியாவிலும் பேக்லியிலும் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் இச்சந்திப்பு நேரடியாகவே ஆராயப்பட்டது.

கணிதம் பயிலும் மாணவருக்காக இங்கே ஒரு சொல். கள்ளுண்டவன் ஒருவன் திசையறியாது அடியெடுத்து வைத்து நடந்தால் புறப்பட்ட இடத்திற்கு என்றேனும் திரும்பி வருவானா? ஹங்கேரிய கணித அறிஞர் ஜோர்ஜ் பொல்யா 1921இல் இதனை ஆராய்ந்தார். கோடொன்றின்மீதோ சமதளத்திலோ நடப்பவன் நிச்சயமாகத் திரும்புவான். முப்பரிமாண வெளியில், சதுர வலைப்பின்னலொன்றில் நடப்பவனுக்கு அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 34 மாத்திரமே. ஒரே கோட்டில் தடுமாறும் இருவர் சந்திப்பதும் இதே கணக்கிற்குட்பட்டது. போதிய ஆயுள் இருந்தால் சந்திப்புத் தவறாது. எக்சித்தன்களைக் காப்பது அவற்றின் குறுகிய ஆயுள் ஒன்றே.

இச்சந்திப்பை எதிர்த்திசையில் நடத்தவும் இயலும். மிக உயர்ந்த படிக்கு ஏறிய இலத்திரனொன்று கீழிறங்கும்போது, தன் மேலதிக சக்தியைக் கொண்டு வேறொரு சோடியைப் பிறப்பிக்கலாம். தனிக் குழாய் ஒன்றாலான ஒளிக்கலத்தில் ஓர் ஒளித்துகள் ஒன்றுக்கு மேற்பட்ட சோடிகளைத் தருவதை அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார் 2009இற் காட்டினர்.

பழுதே விளக்காயிற்று

குழாயைப் பழுதின்றி வளர்ப்பதே ஒளியைக் கூட்டும் வழியென்று எல்லோரும் முயன்றுகொண்டிருக்கையில், ரைஸ் பல்கலைக்கழகத்தார் 2010இல் அதற்கு மாறான செய்தியொன்றை வெளியிட்டனர். சிறிதளவு ஓசோனையும் ஒளியையும் கொண்டு குழாயின் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்சிசன் அணுக்களை ஒட்டியபோது, ஒளி கூடியது. அதன் நிறமும் நெட்டலைப் பக்கம் நகர்ந்தது. மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் யூஹூவாங் வாங்கின் குழு 2013இல் கரிமச் சேர்வைகளைச் சுவரில் இணைத்து, ஒளியை 28 மடங்கு வரை பெருக்கிக் காட்டியது.

மேலே நான் கூறிய 2007ஆம் ஆண்டுச் சோதனையில் ஒட்டிய மூலக்கூறு ஒளியை அணைத்தது. இங்கே ஒட்டிய மூலக்கூறு ஒளியைக் கூட்டியது. இரண்டும் எவ்வாறு பொருந்தும்? எல்லாப் பழுதும் ஒன்றல்ல. அணைக்கும் பழுது, சோடியின் சக்தியை வெப்பமாகக் கசியவிடும் ஓட்டை. ஏற்ற மூலக்கூற்றை, ஏற்ற அளவில், ஏற்ற முறையில் இணைத்து ஆக்கிய பழுதோ ஒரு குழி. அலைந்துவரும் சோடி அதில் விழுந்தால் ஏற இயலாது. அக்குழி இருண்ட சோடிகளின் படியிலும் ஆழமானது. அலைச்சல் ஒழிந்தது, வேறு ஓட்டையைச் சந்திக்கும் ஆபத்தும் ஒழிந்தது. அங்கே ஒளிதரும் உரிமையும் விரிவடைகின்றது. ஏனெனில், குழாயின் சமச்சீர் அவ்விடத்தில் குலைந்துவிட்டது. குழிகளை மிகுதியாக்கினாலோ சுவரே சிதைந்து ஒளி மீண்டும் மங்கும். உப்பின் அளவை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குழியிற் கிடக்கும் சோடிக்கு அருகே இன்னொரு சோடி வந்தால், முன் கூறிய வரம்புச் சண்டை நிகழ்ந்து ஒன்று அழியும். முன்னர் இது நட்டம். இப்பொழுது இதுவே இலாபமாகின்றது. எத்தனை சோடிகள் வந்தாலும் குழியிலிருந்து ஒரு வேளையில் ஓர் ஒளித்துகளே புறப்படும். மின்விளக்கையோ சாதாரண லேசரையோ எவ்வளவு மங்கச் செய்தாலும் ஒளித்துகள்களைச் சில வேளை இரண்டாகவும் மூன்றாகவும் அவை சிந்தவே செய்யும். ஒவ்வொன்றாக எண்ணித் தரும் விளக்கு மிக அரியது. அத்தகைய விளக்கிருந்தால், இரகசியச் செய்தியின் திறவுகோலை ஒளித்துகள்களில் ஏற்றி அனுப்பலாம். நடுவில் எவரேனும் திருடிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். துகள்கள் இரண்டாகப் போனாலோ, திருடன் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை ஒன்றும் அறியாதவன்போல அனுப்பிவிடுவான். 2008இல் சூரிச் நகரத்து அறிஞர் மிகக் குளிரூட்டிய குழாயில் இத்தனித்துகள் ஒளியைக் கண்டனர். அறைவெப்பநிலையிலேயே, குழி அமைத்த குழாய்களில் அதனை 2017இற் காட்டியவர்கள் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தார். அவர்கள் பெற்ற ஒளியின் அலைநீளம் 1,550 நனோமீற்றர் வரை எட்டியது. கண்ணாடி நாரிற் செல்லும் தொலைத்தொடர்பு ஒளி மிகக் குறைவாக நலிவது அந்த அலைநீளத்திலேதான்.

இக்குழிகளுக்கு இன்னொரு பயனும் கண்டிருக்கின்றனர். குழியருகே எம்மூலக்கூறு வந்து ஒட்டுகின்றதோ அதற்கேற்ப ஒளியின் நிறம் மிகச் சிறிது நகரும். நியூயோர்க்கிலுள்ள ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்து ஆய்வாளர், வெவ்வேறு வகைக் குழாய்களில் வெவ்வேறு குழிகளை அமைத்து, பெண்களின் குருதிநீரில் அவற்றை இட்டு, நிறங்கள் நகரும் கோலத்தைக் கணினிக்குப் பயிற்றினர். சூலகப் புற்றுநோய் உடையாரின் குருதிநீரை ஏனையோரின் குருதிநீரிலிருந்து கணினி பெரும்பாலும் சரியாகவே பிரித்தறிந்ததென 2022இல் எழுதினர். இந்நோய் முற்றும்வரை அறிகுறி காட்டாதது என்பதால் இம்முயற்சிக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அஃது ஆராய்ச்சிக்கூடத்துச் சோதனையாக வெளிவந்ததேயன்றி வைத்தியசாலைச் சோதனையாக அன்று. நீண்ட, பல சுவர்களுடைய குழாய்கள் எலிகளின் உடலில் அஸ்பெஸ்ரசு நார்களைப் போலத் தீங்கு செய்ததாக 2008இல் வெளிவந்த ஆய்வை அறிந்த வாசகர்கள் அஞ்சக்கூடும். இங்கே குழாய் உடலுக்குள் செல்வதில்லை. எடுத்த குருதிநீர் சிறு கலமொன்றில் குழாய்களோடு கலக்கப்பட்டு, ஒளி பாய்ச்சி அங்கேயே பார்க்கப்படுகின்றது.